பழமையான மோட்டார் கேரவன்களை டிரெய்லரில் கொண்டுசெல்லுதல்

பழமையான மோட்டார் கேரவன்களை டிரெய்லரில் கொண்டுசெல்லுதல் என்பது, தன் பொறியின் வலுவில் ஓட இயலாத அல்லது ஓட்டக்கூடாத நிலையில் உள்ள பழைய வீட்டு ஊர்தியை மற்றொரு ஊர்தியின் மேல் ஏற்றிப் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்க்கும் பணியாகும். தொழிற்சாலைகளுக்கான பெரிய இயந்திரங்களையும் கொள்கலன்களையும் கொண்டுசெல்லும் சரக்குந்துத் தொழிலின் ஒரு சிறு கிளையாக இது நடைபெறுகிறது. சென்னையில் இதற்கு வேண்டிய தாழ்தள டிரெய்லர், கிரேன், எடை மேடை, லேத், வெல்டிங், டிங்கர் பட்டறை ஆகிய அனைத்தும் அருகருகே கிடைக்கும் பகுதி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வட சென்னைத் துறைமுகத் தொழிற்பகுதியாகும்.

பழுதுபார்ப்பு என்பது பட்டறையில்தான் தொடங்குகிறது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பழமையான ஊர்திகளைப் பொறுத்தவரை இது சரியன்று. ஓடாத ஊர்திக்கு மிகப் பெரிய சேதம் ஏற்றும்போதும், வழியிலும், இறக்கும்போதும் நேரக்கூடும். பொறியில் உள்ள பழுதை உதிரிப்பாகம் கொண்டு சரிசெய்துவிடலாம். இழுத்த இழுப்பில் வளைந்த அடிச்சட்டத்தையோ கிழிந்த பழைய அலுமினிய மேற்கூட்டையோ பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். கீழே காண்பதுபோல், இந்தியாவில் இதற்குச் சட்ட விளைவும் உண்டு.

பெயரும் வகைகளும்

கேரவன் என்ற சொல் இரு வேறு ஊர்திகளைக் குறிக்கிறது. ஒன்று, பொறி இல்லாமல் மகிழுந்தின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கப்படுவது. மற்றொன்று, தனக்கென்று பொறியும் ஓட்டுநர் இருக்கையும் கொண்டது. இரண்டாவதே மோட்டார் கேரவன் ஆகும். இந்தியாவில் இதற்கு ஏஐஎஸ்-124 என்ற தனித் தரநிலை உண்டு. தமிழகத்தில் கேரவன் என்றவுடன் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஊர்தியே பலருக்கு நினைவுக்கு வரும். அதுவும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

பொழுதுபோக்குக்கென்று கட்டப்பட்ட தொடக்ககாலக் கேரவன்களுள் பெயர் பெற்றது, 1885-இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவருக்காக இங்கிலாந்தில் செய்யப்பட்ட வாண்டரர் என்ற குதிரை வண்டியாகும். அமெரிக்காவில் 1910-இல் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் படுக்கை வசதியுள்ள மகிழுந்தைக் காட்சிக்கு வைத்தது. 1950-களின் தொடக்கத்தில் ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் உள்ளமைப்பு செய்து விற்றது. 1973 முதல் 1978 வரை ஜிஎம்சி நிறுவனம் தயாரித்த முன்சக்கர இயக்க மோட்டார் கேரவன்கள் ஏறத்தாழ 13,000. அவற்றுள் கணிசமானவை இன்றும் உயிருடன் இருப்பதால் ‘டிரெய்லரில் ஏற்றுவது எப்படி’ என்ற கேள்வி அங்கே அடிக்கடி எழுகிறது.

இந்தியாவில் நன்கு அறியப்பட்ட பழைய வீட்டு ஊர்தி, 1982-இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என். டி. ராமராவ் ஆந்திரப் பிரதேசம் முழுவதும் சுற்றுப்பயணம் செய்த சைதன்ய ரதம் ஆகும். பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றியமைத்து இது உருவாக்கப்பட்டது. அவருடைய மகன் ஹரிகிருஷ்ணா இதனை ஓட்டினார். ஊர்தியிலேயே தங்கி, அதன் கூரை மீது நின்று பேசி, மீண்டும் புறப்பட்டுச் செல்லும் இந்த முறை பின்னர் பல அரசியல் தலைவர்களால் பின்பற்றப்பட்டது. சுற்றுலாவுக்கான கேரவன்கள் பின்னரே பரவின. கேரள அரசு 2021-இல் இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது.

வட சென்னையோடு உள்ள தொடர்பு

துறைமுகம் என்பதால் மற்றொரு வகைக் கேரவனும் இப்பகுதிக்கு வருகிறது. ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகத் தங்கள் ஊர்தியிலேயே வரும் உலகப் பயணிகள், இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்கு ஊர்தியைக் கப்பலில் அனுப்பச் சென்னைத் துறைமுகத்தைப் பயன்படுத்துவதுண்டு. இவர்களது ஊர்திகள் கார்னே என்னும் சுங்க உறுதி ஆவணத்தின்பேரில் வரி செலுத்தாமல் நாட்டுக்குள் வருபவை. இந்த ஆவணம் பொதுவாக ஓராண்டு செல்லுபடியாகும். குறித்த காலத்துக்குள் ஊர்தி நாட்டைவிட்டு வெளியேறாவிட்டால் சுங்க வரி கோரப்படும். எனவே வழியில் பொறி உடைந்து நின்ற ஊர்தியை அங்கேயே விட்டுவிட்டோ, உதிரியாக விற்றுவிட்டோ போக இயலாது. அதனைப் பட்டறைக்கும், பின்பு துறைமுகத்துக்கும் கொண்டுசெல்வது தவிர்க்க முடியாததாகிறது.

பழைய இயந்திரங்களுக்கு உயிரூட்டும் மரபு இப்பகுதிக்குப் புதிதன்று. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட இ.ஐ.ஆர் 21 என்னும் நீராவிப் பொறி, 1909-இல் பணியிலிருந்து விலக்கப்பட்டு நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. பல பாகங்கள் துருப்பிடித்தும் காணாமலும் போயிருந்த அதனைப் பெரம்பூர் லோகோ பணிமனை புதுப்பித்து, 2010-இல் சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை ஓடச் செய்தது. அதன் உடன்பிறப்பான ஃபேரி குயினும் இதே பணிமனையில் செப்பனிடப்பட்டு 2012-இல் மீண்டும் ஓடியது. (தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி நிலையமான இராயபுரம் திறக்கப்பட்டது 1856-இல், இந்தப் பொறி அதைவிட ஓராண்டு மூத்தது.) சாலை ஊர்திகளுக்கும் வட சென்னைக்கும் உள்ள தொடர்பு நாடறிந்தது. எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டும் தொழிற்சாலை நடத்தின. இத்தகைய ஆலைகளைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளில், உதிரிப்பாகம் சந்தையில் கிடைக்காதபோது அதனை லேத்தில் கடைந்தே செய்துவிடும் பழக்கம் உண்டு. பழமையான ஊர்திக்கு வேண்டியதும் இதுவே.

இழுப்பதா, ஏற்றுவதா

ஓடாத ஊர்தியை நகர்த்த மூன்று வழிகள் உள்ளன. கயிறு அல்லது இரும்புக் கம்பி கட்டி நான்கு சக்கரமும் தரையில் உருள இழுப்பது முதலாவது. முன் அல்லது பின் சக்கரங்களை மட்டும் மீட்பு வண்டியால் தூக்கி, மற்றவை உருள இழுப்பது இரண்டாவது. முழு ஊர்தியையும் டிரெய்லரின் மேல் ஏற்றுவது மூன்றாவது.

முதல் வழிக்குச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் குறுகிய இடம். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளின்படி, பழுதான ஊர்தியை அருகிலுள்ள பட்டறை வரை இழுக்கலாம். இரு ஊர்திகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. இழுபடும் ஊர்தியின் பின்புறம் வெள்ளைப் பின்னணியில் 75 மில்லிமீட்டருக்குக் குறையாத கறுப்பு எழுத்துகளில் ‘ஆன் டோ’ என்று எழுதியிருக்க வேண்டும். சக்கரங்கள் தூக்கப்படாவிட்டால் இழுபடும் ஊர்தியிலும் உரிமம் பெற்ற ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். 2017-இல் இவற்றுக்கு மாற்றாகப் புதிய விதிமுறைகள் வந்தபோதும், மெதுவாக, நெருக்கமாக, அருகிலுள்ள இடத்துக்கு என்ற அடிப்படை மாறவில்லை. ஆனால் பல்லாண்டு நின்ற ஊர்தியில் தடை வேலை செய்யும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. பொறி ஓடாதபோது தடைக்கும் திருப்பலுக்கும் கிடைக்கும் துணைவிசையும் இருக்காது. 5 டன் எடையுள்ள பொருள் ஒன்று, தடையில்லாமல், 5 மீட்டர் பின்னால் வருகிறது என்பதே இதன் பொருள்.

இரண்டாவது வழி, ஊர்தியின் இயக்க அமைப்பைப் பொறுத்தது. பின்சக்கர இயக்கமும் தானியங்கிப் பற்சக்கரப் பெட்டியும் கொண்ட பெரிய அமெரிக்கக் கேரவன்களில், பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றச் செய்யும் பம்பைப் பொறியே இயக்குகிறது. பொறி நின்ற நிலையில் பின்சக்கரங்கள் உருண்டால் பெட்டியின் உட்பகுதி எண்ணெய் இல்லாமல் சுழன்று தேய்ந்து எரியும். பொறிப் பழுதுக்காகப் புறப்பட்ட ஊர்தி பற்சக்கரப் பெட்டிப் பழுதோடும் பட்டறை சேரும். இதைத் தவிர்க்க ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட வேண்டும். கையால் மாற்றும் பற்சக்கரப் பெட்டிகள் பெரும்பாலும் பற்கள் எண்ணெயில் தோய்ந்து சுழல்பவை என்பதால் இச்சிக்கல் குறைவு. ஜிஎம்சி போன்ற முன்சக்கர இயக்க ஊர்திகளில் முன்புறத்தைத் தூக்கினால் போதும்.

ஆயினும் பழைய டயர் என்ற தடை எஞ்சியிருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்க எண் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று இலக்கமே இருந்தால் அந்த டயர் 2000-க்கு முற்பட்டது. கேரவன்கள் அதிகம் ஓடுவதில்லை என்பதால் டயரின் பட்டன்கள் புதிதுபோல் இருக்கும்; பக்கச்சுவரின் ரப்பரோ வெயிலில் வெடித்திருக்கும். எனவே பழமையான கேரவனுக்கு மூன்றாவது வழியே, அதாவது டிரெய்லரே, பெரும்பாலும் ஏற்றது.

எடையும் உயரமும்

முதலில் அறிய வேண்டியது எடை. உற்பத்தியாளர் ஏட்டில் உள்ள எண்ணை அப்படியே நம்ப முடியாது. உள்ளே பின்னர் சேர்த்த மரப்பலகை, மின்கலம், குளிர்சாதனம், மறந்துபோன பொருள்கள் எனப் பல நூறு கிலோகிராம் கூடியிருக்கலாம். நீர்த்தொட்டியில் உள்ள ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோகிராம்; நிரம்பிய 200 லிட்டர்த் தொட்டி மூன்று ஆட்களின் எடைக்குச் சமம். தொட்டிகளைக் காலிசெய்து, ஏற்றிய பின் டிரெய்லரை எடை மேடையில் நிறுத்தி, வெற்று டிரெய்லரின் எடையைக் கழிப்பதே எளிய வழி. கொள்கலன் போக்குவரத்து மிகுந்த பகுதி என்பதால் வட சென்னையில் எடை மேடைக்கு அலைய வேண்டியதில்லை.

அடுத்தது உயரம். துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றும் வழக்கமான டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். 3 மீட்டர் உயரக் கேரவனை அதில் ஏற்றினால் மொத்தம் 4.5 மீட்டர். லோ-பெட் எனப்படும் தாழ்தள டிரெய்லரின் தளம் 0.9 மீட்டர் அளவில் இருப்பதால் மொத்தம் 3.9 மீட்டராகக் குறையும். இந்த 60 சென்டிமீட்டர்தான் ஒரு சுரங்கப்பாதையைக் கடப்பதற்கும் கூரையைப் பறிகொடுப்பதற்கும் உள்ள வேறுபாடாக அமையலாம். கூரைமேல் உள்ள குளிர்சாதனப் பெட்டியும் காற்றுப்போக்கியின் மூடியும் அளவில் சேர்க்கப்பட வேண்டும். அளக்கும்போது பெரும்பாலும் விடுபடுவன இவையே. ஏற்றுவதற்கு முன் தரையில் அளந்தது போதாது, ஏற்றிக் கட்டிய பின் மீண்டும் அளக்க வேண்டும்.

அகலத்தில் சிக்கல் குறைவு. இந்தியாவில் சாலை ஊர்திக்கான அகல வரம்பு 2.6 மீட்டர். அமெரிக்கப் பழைய கேரவன்கள் பெரும்பாலும் 96 அங்குலம், அதாவது 2.44 மீட்டர். கண்ணாடிகளை மடக்கிவிட்டால் வரம்புக்குள் அடங்கும்.

வழி

கொருக்குப்பேட்டை, சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில் பேசின் பிரிட்ஜுக்கும் தண்டையார்பேட்டைக்கும் இடையே உள்ளது. சரக்குப் பாதைகள் பிரியும் இடமும் ஆகும். எனவே இப்பகுதிக்குள் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இருப்புப்பாதையை மேலோ கீழோ குறுக்கோ கடந்தாக வேண்டும். வியாசர்பாடியில் உள்ள கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்காலத்தில் நீர் தேங்குவதற்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. உயரமான சுமைக்குச் சுரங்கப்பாதை பொதுவாகவே ஏற்றதன்று.

கடவுப்பாதையில் வேறொரு இடர் உள்ளது. இப்பாதை மின்மயமானது, மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் பாய்கிறது. கடவுப்பாதையின் இருபுறமும் சாலைக்கு மேல் நிறுத்தப்பட்டிருக்கும் உயரக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதற்காகவே உள்ளது. அதில் உரசாமல் செல்லும் சுமைதான் கம்பியிலிருந்து பாதுகாப்பான தொலைவில் இருக்கும். கூரைமேல் ஆள் ஏறி நின்று ‘போகலாம், போகலாம்’ என்று வழிகாட்டும் பழக்கம் இவ்விடத்தில் உயிரைப் பறிக்கும். கம்பியைத் தொடாமலேயே, நெருங்கினாலே மின்சாரம் பாயக்கூடும்.

தாழ்தள டிரெய்லருக்கு எதிர்ச் சிக்கலும் உண்டு. அதன் அடிப்பகுதி தரைக்கு நெருக்கமாக இருப்பதால், மேடாக உயர்த்தப்பட்ட கடவுப்பாதையில் நடுப்பகுதி தட்டி நின்றுவிடலாம். தண்டவாளத்தின் மேல் நின்றுபோன டிரெய்லரைவிட மோசமான நிலை இத்தொழிலில் இல்லை. எனவே ஓட்டுநர் முதல்நாளே இருசக்கர ஊர்தியில் வழியைப் பார்த்துவிட்டு வருவது நல்ல நடைமுறையாகும்.

எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி சாலை ஆகியவற்றில் துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் டிரெய்லர்கள் வரிசையாக நிற்பது வழக்கம். நகருக்குள் கனரக ஊர்திகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால் இப்பணி பெரும்பாலும் இரவில் நடைபெறுகிறது. இரவில் நெரிசல் குறையும். ஆனால் தாழத் தொங்கும் தொலைக்காட்சிக் கேபிளும் மரக்கிளையும் கண்ணுக்குத் தெரியாது.

ஏற்றுதல்

டிரெய்லரின் பின்புறச் சாய்தளம் வழியாக வின்ச் கொண்டு இழுத்தேற்றுவதே வழக்கம். இதற்கு வேண்டிய விசையைக் கணக்கிடலாம். 5 டன் ஊர்தியை 6-க்கு 1 என்ற சாய்வில் ஏற்றும்போது புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் ஏறத்தாழ 0.82 டன் விசை வேண்டும். காற்று நிரம்பிய சக்கரங்கள் தடையின்றி உருண்டால் இதனோடு 0.1 டன் கூடினால் போதும். ஒரு அச்சின் சக்கரங்கள் இறுகிப்போயிருந்தால், அந்த அச்சின் மேல் பாதி எடையும் உராய்வுக் கெழு 0.6-உம் என்று கொண்டால், மொத்த விசை 2.3 டன். எல்லாச் சக்கரமும் இறுகியிருந்தால் 3.8 டன். ஒரே ஊர்திக்கு, சக்கரம் உருள்வதையும் உருளாததையும் பொறுத்து, விசை நான்கு மடங்கு மாறுகிறது. பழைய ஊர்திகளின் கொக்கியும் அடிச்சட்டமும் பிய்ந்துவருவது இத்தகைய நிலையில்தான்.

எனவே இழுப்பதற்கு முன் சக்கரங்களை விடுவிப்பது முதல் வேலையாகும். கடற்கரை ஓரம் நின்ற ஊர்தியில் உப்புக்காற்றால் தடை உருளையும் பட்டையும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜாக்கியால் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, உருளையின் வெளிப்புறத்தைச் சுத்தியலால் தட்டி, கையால் சுழற்றிப் பார்ப்பார்கள். பேருந்து அடிச்சட்டத்தில் கட்டிய பெரிய கேரவன்களில் காற்றுத் தடை இருக்கலாம். இவற்றுள் சுருள்வில் கொண்ட நிறுத்தத் தடை உள்ளவற்றில் காற்றழுத்தம் இல்லாதபோது வில்லே தடையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து காற்று கொடுத்தோ, வில்லைத் திருகாணியால் பின்னிழுத்தோ அதனை விடுவிக்க வேண்டும். இதை அறியாமல் வின்ச்சைக் குறைகூறுவது அடிக்கடி நடக்கும்.

கேரவன்களுக்கே உரிய சிக்கல் வால்பகுதி. பின்சக்கரத்துக்குப் பின்னால் உடல் வெகுதூரம் நீண்டிருக்கும். சக்கர அச்சுகளுக்கிடையே 4 மீட்டரும், பின்அச்சுக்குப் பின்னால் 2.5 மீட்டரும் உள்ள ஊர்தியை எடுத்துக்கொள்வோம். 6-க்கு 1 சாய்தளத்தில் முன்சக்கரம் 4 மீட்டர் ஏறும்போது அது 0.67 மீட்டர் உயர்ந்திருக்கும். அப்போது வால்முனை 0.42 மீட்டர் தாழும். வாலுக்குக் கீழ் 40 சென்டிமீட்டர் இடைவெளிதான் உண்டெனில் அது தரையில் இடிக்கும்; கழிவுநீர்க் குழாயும் புகைபோக்கியும் முதலில் உடையும். சாய்வை 10-க்கு 1 ஆகக் குறைத்தால் வால் 0.25 மீட்டர் மட்டுமே தாழும். ஆனால் 0.9 மீட்டர் உயரத் தளத்துக்கு 9 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். நடைமுறையில் பின்சக்கரங்களுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கி ஊர்தியின் பின்பாதியை உயர்த்திக்கொண்டே ஏற்றுகிறார்கள். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் வால் பிழைக்கும்.

ஹைட்ரா எனப்படும் சிறு கிரேனால் தூக்கி வைப்பது விரைவான வழியாகத் தோன்றலாம். மகிழுந்துக்கு அது சரி. கேரவனின் மேற்கூடு மெல்லிய அலுமினியத் தகடும் உள்ளே மரச்சட்டமும் கொண்டது. கூரை ஒழுகி மரம் உளுத்திருக்கவும் கூடும். பட்டையை உடலைச் சுற்றிக் கட்டித் தூக்கினால் முட்டை ஓடுபோல் நெரியும். தூக்கியே ஆக வேண்டுமெனில் சக்கரங்களுக்கு அடியில் பட்டை போட்டு, மேலே அகலமான விரிப்புச் சட்டத்தால் பட்டைகள் உடலில் படாதவாறு விலக்கித் தூக்க வேண்டும்.

இழுக்கும் கம்பிவடம் அறுந்தால் சாட்டைபோல் வீசும். வடத்தின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. வடத்தின் நடுவில் ஈரமான கோணிப்பையைப் போட்டுவைத்தால் வீச்சு குறையும்.

நிறுத்துதலும் கட்டுதலும்

டிரெய்லரில் ஊர்தி எங்கே நிற்கிறது என்பது, எவ்வளவு இறுக்கிக் கட்டப்பட்டது என்பதைவிட முக்கியமானது. கொக்கியில் மாட்டி இழுக்கும் சிறு டிரெய்லரில், டிரெய்லர் மொத்த எடையின் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது பொது விதி. சுமை பின்னால் தள்ளி நின்றால் கொக்கி மேல்நோக்கித் தூக்கப்படும். குறிப்பிட்ட வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அப்போது வேகத்தை மெல்லக் குறைப்பதே வழி. முடுக்கினாலும் திடீரெனத் தடை போட்டாலும் நிலைமை மோசமாகும். பெரிய லோ-பெட்களில் முன்பகுதி இழுவை ஊர்தியின் மேல் அமர்வதால் இந்த இடர் குறைவு, இல்லாமல் இல்லை.

கேரவனின் முகம் பயணத் திசையை நோக்கியிருக்க வேண்டும். பின்னோக்கி ஏற்றினால் சன்னல்களும் கூரை மூடிகளும் அவை வடிவமைக்கப்பட்டதற்கு எதிர்த்திசையில் காற்றை வாங்கும். பழைய பிசினால் ஒட்டிய கூரை மூடி பறந்து பின்னால் வரும் இருசக்கர ஊர்தி ஓட்டியின் மேல் விழுந்தால் விளைவு கொடியது.

கட்டும் வலுவுக்கு ஐரோப்பியத் தரமான ஈஎன் 12195-1 ஒரு நல்ல வழிகாட்டி. சுமையின் எடையில் 0.8 பங்கு விசையை முன்புறமாகவும், 0.5 பங்கைப் பின்புறமாகவும் பக்கவாட்டிலும் தாங்கும்படி கட்ட வேண்டும் என்கிறது அது. 5 டன் கேரவனுக்கு முன்புறம் 4 டன், மற்றத் திசைகளில் 2.5 டன். கடையில் ‘5 டன்’ என்று அச்சிட்டு விற்கப்படும் ராட்செட் பெல்ட்டில் அந்த எண் பெரும்பாலும் அறுந்துபோகும் சுமையையோ, வளைத்துக் கட்டும்போதைய சுமையையோ குறிக்கும். நேராகக் கட்டும்போது நம்பத்தக்கது அதில் பாதி அல்லது அதற்கும் குறைவு. 45 பாகைச் சாய்வில் கட்டினால் அதிலும் 70 விழுக்காடே பயன்படும். எனவே இரண்டு பெல்ட்டில் முடியக்கூடிய வேலை என்று தோன்றும் இடத்தில் ஆறோ எட்டோ தேவைப்படுகிறது.

பெல்ட்டை அச்சிலோ அடிச்சட்டத்திலோ கட்ட வேண்டும். ஏணி, பம்பர், மேற்கூடு ஆகியவற்றில் கட்டக்கூடாது. துரு தின்ற அடிச்சட்டத்தில் கொக்கி மாட்டும் முன் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது வழக்கம். கணீரென்று ஒலித்தால் இரும்பு, மந்தமாக ஒலித்தால் துரு. சமையல் எரிவாயு உருளையை இறக்கிவிட்டு, மின்கல இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். பத்து கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி பெல்ட்களை மீண்டும் இறுக்க வேண்டும். டயரும் வில்லும் படிந்து இறங்குவதால் முதல் இறுக்கம் நிச்சயமாகத் தளர்ந்திருக்கும்.

சட்டமும் பொறுப்பும்

2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்குசக்கர ஊர்திகள் பழம்பெருமை ஊர்திகளாகப் பதிவு பெறலாம். பதிவெண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். செல்லுபடிக் காலம் 10 ஆண்டுகள். இவ்வூர்திகளை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக ஓட்டலாம். ஆக, பட்டறைக்கு ஓட்டிச்செல்லத் தடையில்லை, ஓடினால்.

முக்கியமான நிபந்தனை வேறு. ஊர்தி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், மேற்கூடு, பொறி ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக்கூடாது. ஏற்றும்போது அடிச்சட்டம் முறிந்து, பட்டறையில் புதிய சட்டம் போட வேண்டி வந்தால், ஊர்தி ஓடும். பழம்பெருமைத் தகுதிதான் கேள்விக்குள்ளாகும்.

இழப்பீட்டிலும் இதுபோன்ற ஒரு பொறி உண்டு. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன்கீழ் 2011-இல் வந்த விதிகளும், சரக்கு சேதமானால் ஏற்றிச்செல்பவரின் பொறுப்பை, உரிமையாளர் கூடுதல் மதிப்பை முன்கூட்டியே எழுதித் தந்து அதற்குரிய கட்டணம் செலுத்தாதவரை, வாடகையின் பத்து மடங்குக்கு வரையறுக்கின்றன. வாடகை 15,000 ரூபாய் என்றால் ஈடு அதிகபட்சம் 1,50,000 ரூபாய். ஊர்தியின் மதிப்பு 20 இலட்சமாக இருந்தாலும் இதுவே. ஊர்திக்கு முழுக் காப்பீடு நடப்பில் இருந்தால், சாலை வழியாகவோ இருப்புப்பாதை வழியாகவோ ஏற்றிச்செல்லப்படும்போது நேரும் சேதத்தையும் அது பொதுவாக உள்ளடக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓடாத ஊர்திக்குக் காப்பீட்டைப் புதுப்பித்து வைத்திருப்பவர் குறைவு. ஏற்றுவதற்கு முந்தைய நாள் புதுப்பிக்க முயன்றால் நிறுவனம் ஊர்தியை ஆய்வு செய்யக் கோரும். அதற்குச் சில நாள்கள் பிடிக்கும்.

பட்டறையில் இறக்குதல்

பட்டறையின் வாயில் உயரத்தை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். லாரிகளுக்கான கொட்டகை என்றால் கவலை குறைவு. மகிழுந்துப் பட்டறையின் வாயில் 3 மீட்டருக்குக் குறைவாக இருக்கலாம். வாயில் முன் உள்ள தெருவில் டிரெய்லர் நேராக நிற்க அதன் நீளமும், சாய்தளத்தின் நீளமும், ஊர்தி இறங்கி நிற்கும் நீளமும் சேர்த்து 30 மீட்டர் அளவில் இடம் வேண்டும். கொருக்குப்பேட்டையின் குறுகிய தெருக்களில் இது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே அகலமான சாலையில் இறக்கி, கடைசிச் சில நூறு மீட்டரை மட்டும் ஆட்கள் தள்ளியோ சிறு இழுவை ஊர்தியால் மெதுவாக இழுத்தோ கொண்டுசேர்ப்பது நடைமுறையில் உள்ளது. இந்தத் தொலைவுக்கு முன்னர் கூறிய இழுவை விதிகள் பொருந்தும்.

இறக்கும்போது வின்ச்சின் கம்பிவடத்தைக் கழற்றாமல், அதையே தடையாகப் பயன்படுத்தி அங்குலம் அங்குலமாக விடவேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போடும் கிளீனர் பக்கவாட்டில் நிற்க வேண்டுமே தவிரப் பின்னால் நிற்கக்கூடாது. ஏற்றும் முன் நான்கு பக்கமும், கூரையும், அடிச்சட்டமும் ஒளிப்படம் எடுக்கப்பட்டிருந்தால், இறக்கியவுடன் அதே கோணங்களில் மீண்டும் எடுத்து, ஓட்டுநரும் பட்டறைக்காரரும் இருக்கும்போதே ஒப்பிட்டுக் கையொப்பம் பெறலாம். இழப்பீடு கோர நேர்ந்தால் முதலில் கேட்கப்படும் சான்று இதுவே.